புலிக்குப் பிறந்த பிள்ளை

"புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?" என்று நம்முடைய ஜனங்கள் வெகு சுலபமாகக் கேட்டுவிடுகிறார்கள். கேட்கிறவர்களுக்கு அது வெறும் பழமொழி. புலிக்குப் பிறந்துவிட்ட குட்டிக்கோ அது வாழ்நாள் முழுவதும் எழுதித் தீர வேண்டிய பரீட்சை. பெரிய சங்கீத வித்வானுடைய பிள்ளை மேடையில் உட்கார்ந்து சுருதி கூட்டும்போதே, முன்வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம், "தகப்பனாருடைய பிடி வரவில்லை, பார்த்தீரா?" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். பிள்ளை இன்னும் வாயையே திறக்கவில்லை என்பதை அவர் பொருட்படுத்துவதில்லை. அப்புறம் பிள்ளை அமிருதமாகப் பாடிவிட்டாலும், "யாருடைய பிள்ளை!" என்று பெருமையெல்லாம் தகப்பனாரிடமே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

விளையாட்டு உலகத்திலும் இப்படித்தான். ஹாக்கி என்றதும் நமக்கு நினைவு வருவது தியான் சந்தின் குடும்பம். 1932-ல் லாஸ் ஏஞ்ஜலீஸிலும் 1936-ல் பெர்லினிலும் தியான் சந்தும் அவருடைய தம்பி ரூப் சிங்கும் சேர்ந்து ஆடிப் பாரத நாட்டுக்கு ஒலிம்பிக் தங்கப் பதக்கம் கொண்டுவந்தார்கள். 1975-ல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதிப் பந்தயத்தில் வெற்றிக் கோலைப் போட்டவர் தியான் சந்தின் புதல்வர் அசோக் குமார். இதைப் போலவே பூமியின் மறுபக்கத்தில், புல்தரைக்குப் பதிலாகப் பனிக்கட்டியின் மேல் ஆடும் ஹாக்கியில் பெயர் பெற்ற குடும்பம் ஒன்று உண்டு. அதுதான் கார்டி ஹௌவின் குடும்பம். அந்தப் பெரும் புலிக்குப் பிறந்த இரண்டாவது பிள்ளையாகிய மார்க் ஹௌவின் கதை, புகழ்பெற்ற தகப்பனாரைப் பெற்ற எல்லாப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

பனிக்கட்டியின் மேல் ஒரு யுத்தம்

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லிவிட வேண்டும். ஐஸ் ஹாக்கியில் கோல் காப்பவர் உட்பட ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஆறு பேர். எல்லோர் காலிலும் கத்திபோன்ற இரும்புத் தகடு பொருத்திய பாதரக்ஷைகள். பந்துக்குப் பதிலாக 'பக்' என்று சொல்லப்படும் ரப்பர் வட்டு. மூன்று அங்குல அகலமும் ஒரு அங்குலக் கனமும் உள்ள அந்த வட்டு, மட்டையின் அடிபட்டுப் புறப்பட்டால் துப்பாக்கிக் குண்டுக்குத் தங்கை என்று சொல்லலாம். அதை ஆறு அடி அகலமும் நான்கு அடி உயரமும் உள்ள வலைக்குள் செலுத்த வேண்டும். வட்டு யாரிடம் இருக்கிறதோ அவர்மேல் தோளால் மோதித் தள்ளுவதற்கு ஆட்ட விதிகளே அநுமதி கொடுக்கின்றன. ஓட்டமும் மோதலும் அவ்வளவு கடுமையாக இருப்பதனால், ஒருவர் ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஆடியதும் வெளியே வந்துவிடுகிறார். இன்னொருவர் உள்ளே குதிக்கிறார்.

இந்த ஆட்டம் கானடா நாட்டு ஜனங்களின் உயிர் என்றே சொல்ல வேண்டும். ஆறுமாத காலம் ஏரியும் குளமும் உறைந்துகிடக்கும் தேசத்தில் குழந்தைகள் வேறு எங்கே விளையாடுவார்கள்?

சாக்குமூட்டையில் வந்த அதிர்ஷ்டம்

கார்டி ஹௌ 1928-ம் வருஷம் மார்ச்சு மாதம் 31-ந் தேதி கானடாவின் ஸஸ்காச்செவான் மாகாணத்தில் பிறந்தார். குடும்பத்தில் ஒன்பது குழந்தைகள். உலகம் முழுவதும் வியாபாரம் படுத்துவிட்ட பஞ்ச காலம் அது. ஒருநாள் வாசலில் ஒரு பெண்பிள்ளை வந்து, வீட்டில் பால் வாங்கவும் காசில்லை என்று சொல்லி, பழைய சாமான்கள் அடங்கிய சாக்குமூட்டை ஒன்றை விற்க வந்தாள். கார்டியின் தாயார் தம்மிடமிருந்த சொற்பக் காசைக் கொடுத்து அதை வாங்கினார். மூட்டையைக் கொட்டினபோது அதிலிருந்து ஒரு ஜோடிச் சறுக்குப் பாதரக்ஷை விழுந்தது. உடனே கார்டி ஒன்றையும் அவருடைய சகோதரி மற்றொன்றையும் எடுத்துக்கொண்டு பனிக்கட்டிக்கு ஓடினார்களாம். ஒற்றைக் காலில் சறுக்கப் பழகியவர் பிற்பாடு கானடாவும் அமெரிக்காவும் கொண்டாடும் ஆட்டக்காரர் ஆனார்.

1946-ல், தமது பதினெட்டாவது வயதில், அமெரிக்காவிலுள்ள டெட்ராய்ட் ரெட் விங்ஸ் கோஷ்டியில் அவர் சேர்ந்தார். தேசிய ஹாக்கி லீக் என்னும் மிகப் பெரிய பந்தயத் தொடரில் அந்தக் கோஷ்டிக்காக 25 பருவங்கள் ஆடினார். ஸ்டான்லி கோப்பை நான்கு தடவை கிடைத்தது. லீகில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது ஆறு தடவை கிடைத்தது. தொடர்ந்து 20 பருவங்கள், அதிகப் புள்ளிகள் எடுத்த முதல் ஐவரில் ஒருவராக இருந்தார். அவருடைய தம்பி விக் ஹௌவும் நியூயார்க் ரேஞ்ஜர்ஸ் கோஷ்டியில் 33 பந்தயங்கள் ஆடியவர்தான். ஆனால் தமையனாருடைய நிழல் எவ்வளவு பெரியதென்றால், விக்கின் பெயரை இன்று நினைவு வைத்திருப்பவர்கள் சொற்பம்.

இவ்வளவு சம்பாத்தியம் செய்து கொடுத்தவருக்குக் கிடைத்த சம்பளம் எப்படி? தம்முடைய சொந்தக் கோஷ்டியிலேயே தம்மைவிட அதிகச் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்ற விஷயமே 1960-களின் கடைசியில்தான் கார்டிக்குத் தெரியவந்தது. முதலாளிகள் தாமாகவே நியாயம் செய்வார்கள் என்று இருபது வருஷகாலம் அவர் நம்பிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி காலீன் அம்மையாருக்கு அந்த நம்பிக்கை கிடையாது. குடும்பத்தின் கணக்கு வழக்குகளையும் ஒப்பந்தங்களையும் அந்த அம்மாள் தாமே ஏற்று நடத்தத் தொடங்கினார்.

தாயாரின் ஏற்பாடு

மூத்த பிள்ளை மார்ட்டி 1954-லும், மார்க் 1955 மே 28-ந் தேதியிலும் டெட்ராய்ட் நகரில் பிறந்தார்கள். பின்னர் காதி என்ற பெண்ணும், பிற்காலத்தில் வைத்தியரான மர்ரேயும் பிறந்தார்கள். தகப்பனார் பாதி நாள் ஊர் ஊராகப் பந்தயம் ஆடப் போய்விடுவார். விடியற்காலையில் குழந்தைகளை எழுப்பி ஐஸ் அரங்கத்துக்கு அழைத்துக்கொண்டு போனவர் தாயார். அமெரிக்க நாட்டில் வளரும் பையன்கள் உயர்தரமான ஹாக்கி ஆட வேண்டுமென்றால் கானடாவுக்குத்தான் போக வேண்டுமா என்று கேட்டு, டெட்ராய்ட் நகரிலேயே இளைஞர் கோஷ்டி ஒன்றை ஏற்படுத்துவதில் முன்னின்றார்.

அதன் பலன் சீக்கிரத்தில் தெரிந்தது. 1972-ல் ஜப்பானில் ஸப்போரோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, அமெரிக்கக் கோஷ்டியில் 16 வயதுப் பையன் ஒருவன் ஆடினான். அவன்தான் மார்க். அந்தக் கோஷ்டி வெள்ளிப் பதக்கம் பெற்றது. மறுவருஷம் டொராண்டோ மார்ல்பரோஸ் என்ற இளைஞர் கோஷ்டி மெமோரியல் கோப்பையை வென்றபோது, போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவனுக்கே கிடைத்தது. பத்திரிகைகள் என்ன எழுதியிருக்கும் என்று நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். "கார்டியின் பிள்ளையல்லவா?" என்றுதான்!

தகப்பனாரும் இரண்டு பிள்ளைகளும்

இதற்குள் கார்டி ஓய்வு பெற்றுவிட்டார். மணிக்கட்டில் வாத நோய் கண்டு, 1971-ல் ஆட்டத்தை விட்டார். டெட்ராய்ட் கோஷ்டியின் நிர்வாகிகள் பெரிய உத்தியோகப் பெயர் ஒன்றைக் கொடுத்து அவரை அறையில் உட்காரவைத்தார்கள். பெயர் பெரிதாக இருந்ததே தவிர, செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை.

அச்சமயம் தேசிய லீகுக்குப் போட்டியாக உலக ஹாக்கி சங்கம் என்ற புதிய லீக் தோன்றியிருந்தது. பழைய லீக் இருபது வயது ஆகாத பையன்களை எடுப்பதில்லை. புதிய லீகின் ஹூஸ்டன் ஏரோஸ் கோஷ்டியோ மார்க், மார்ட்டி இருவரையும் அழைத்தது. அதன் பயிற்சியாளர் பில் டினீன் ஒரு காலத்தில் கார்டியுடன் கூட ஆடியவர். பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கையில், மூன்றாவது ஹௌ ஒருவரும் கூட வந்தால் எப்படி என்று பேச்சு எழுந்தது. மணிக்கட்டில் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டிருந்த 45 வயதுத் தகப்பனார், தம் இரண்டு பிள்ளைகளுடன் சேர்ந்து ஆடுவதற்காக மறுபடியும் சறுக்குப் பாதரக்ஷையை மாட்டிக்கொண்டார்!

இதை வேடிக்கைக் காட்சி என்று நினைத்தவர்கள் உண்டு. 1973-74 பருவம் முடிந்தபோது அவர்கள் வாயடைத்துப்போனார்கள். கார்டி 100 புள்ளிகள் எடுத்து, லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். மார்க் 79 புள்ளிகள் எடுத்து, புதிய ஆட்டக்காரர்களில் சிறந்தவர் என்ற விருதைப் பெற்றார். 1974-லும் 1975-லும் ஹூஸ்டன் கோஷ்டி அவ்கோ கோப்பையை வென்றது. 1977-ல் மூவரும் நியூ இங்கிலாந்து வேலர்ஸ் கோஷ்டிக்கு மாறினார்கள். 1979-ல் புதிய லீக் கலைந்து, அதன் நான்கு கோஷ்டிகள் தேசிய லீகில் சேர்ந்தன. வேலர்ஸ் கோஷ்டி ஹார்ட்ஃபோர்டு என்ற ஊர்ப்பெயருடன் சேர்ந்தது. 1979-80 பருவத்தின் 80 பந்தயங்களிலும் கார்டி ஆடினார். பருவத்தின் கடைசியில் அவருக்கு வயது 52. தகப்பனாரும் இரண்டு பிள்ளைகளும் தேசிய லீகில் ஒரே கோஷ்டியில் ஆடினார்கள் என்பது கட்டுக்கதை போல இருக்கிறது. ஆனால் அது நடந்த சம்பவம்.

இதில் பிள்ளையின் சங்கடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மற்ற பிள்ளைகள் தகப்பனாருடைய பழைய கீர்த்தியுடன்தான் போட்டி போட வேண்டியிருக்கும். மார்க்குக்கோ கீர்த்தியும் தகப்பனாரும் பக்கத்திலேயே, அதே சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார்கள்!

ஐந்து அங்குலக் காயம்

1980-ல் கார்டி ஆட்டத்தைவிட்டு விலகினார். மார்க் தனித்து நின்றார். அந்த வருஷம் டிசம்பர் 27-ந் தேதி ஹார்ட்ஃபோர்டில் நியூயார்க் ஐலண்டர்ஸ் கோஷ்டியுடன் பந்தயம் நடந்தது. வேகமாக ஓடிவந்த மார்க் நிலைதடுமாறி விழுந்து, கால்களை முன்னால் நீட்டியபடி கோல் வலையை நோக்கிச் சறுக்கிப் போனார். அக்காலத்து வலைச் சட்டத்தின் அடியில், நடுமத்தியில், கூர்முனையுள்ள உலோகத் தகடு ஒன்று இருந்தது. அவர் கால் பட்டதும் சட்டம் மேலே கிளம்பியது. தகடு அவருடைய பின்தொடையின் மேற்புறத்தில் சுமார் ஐந்து அங்குல ஆழம் பாய்ந்துவிட்டது. முதுகெலும்பு மயிரிழையில் தப்பியது. இரத்தம் ஏராளமாகப் போயிற்று.

முப்பது வருஷங்களுக்கு முன், 1950 மார்ச்சில், இதே ஆட்டத்தில் கார்டியும் மண்டையில் பலத்த அடிபட்டு மரணத்தின் வாசல்வரை போனவர். மூளையின் மேல் அழுத்தம் குறைய வைத்தியர்கள் சஸ்திர சிகிச்சை செய்துதான் அவரைப் பிழைக்கவைத்தார்கள். அவர் மறு பருவமே திரும்பிவந்து ஆடினார். மார்க்கும் அதே பருவத்திலேயே ஆட்டத்துக்குத் திரும்பினார். ஆனால் உடல் மெலிந்திருந்தது. பழைய பலம் வர நாளாயிற்று.

இந்தக் காயத்தினால் ஒரு நன்மை விளைந்தது. அத்தனை வருஷமாக எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தும் ஒருவரும் லட்சியம் செய்யாத அந்தத் தகட்டைப் பற்றி அப்போதுதான் லீகின் அதிகாரிகள் யோசித்தார்கள். வலையின் அமைப்பு மாற்றப்பட்டது; கூர்முனைத் தகடு போயிற்று. பிற்பாடு வலைச் சட்டத்தைக் காந்தங்களால் நிறுத்தும் வழக்கமும், அதன்பின் மோதினால் வளைந்து கொடுக்கும் முளைகளும் வந்தன. இன்று ஒரு பையன் கோல் வலையில் போய் மோதிவிட்டு, பனித்துகளைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கிறான் என்றால், அதற்காக ஒருவர் சிந்திய இரத்தத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கோப்பைகளில் பொறிக்கப்படாத இந்தச் சேவையைப் பெரியது என்றே சொல்ல வேண்டும்.

போடுகிறவரும் காக்கிறவரும்

1982 ஆகஸ்டில் மார்க் பிலடெல்பியா ஃபிளையர்ஸ் கோஷ்டிக்கு மாறினார். அங்கேதான் அவர் முழு உருவம் எடுத்தார். ஆரம்பத்தில் அவர் முன்வரிசையில் இடப்புறம் ஆடியவர். ஹூஸ்டனிலிருந்து கிளம்பிய சில வருஷங்களில் சிறிது சிறிதாகப் பின்வரிசைக்கு, அதாவது தற்காப்பு ஸ்தானத்துக்கு, வந்து சேர்ந்தார். தகப்பனார் கோல் போடுவதில் மன்னர். தேசிய லீகில் மட்டும் 801 கோல்கள் போட்டவர். மார்க் முன்வரிசையிலேயே இருந்திருந்தால், ஒவ்வொரு கோலையும் அந்த 801-உடன் தராசில் வைத்து நிறுத்திருப்பார்கள். பின்வரிசையில் அந்தத் தராசுக்கு வேலை இல்லை. தகப்பனார் எதிரியின் வலையைக் கிழித்தார். பிள்ளை தம்முடைய வலையைக் காத்தார். இருவர் தொழிலும் ஒன்றே. வழி மட்டும் வேறு.

ஹாக்கியில் ஒரு கணக்கு உண்டு. ஓர் ஆட்டக்காரர் களத்தில் இருக்கும்போது தம் கோஷ்டி போட்ட கோல்களுக்கும், தம்மேல் விழுந்த கோல்களுக்கும் உள்ள வித்தியாசத்தை அது காட்டும். 1985-86 பருவத்தில் மார்க்கின் கணக்கு கூடுதலாக எண்பதுக்கு மேல் இருந்தது. லீகிலேயே அதுதான் முதலிடம். அந்த வருஷம் 24 கோல்கள் போட்டு, 82 புள்ளிகளும் எடுத்தார். அவருக்குத் துணையாகப் பின்வரிசையில் நின்றவர் பிராட் மெக்ரிம்மன். ஆயினும் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்குரிய நாரிஸ் விருது மார்க்குக்குக் கிடைக்கவில்லை. 1983, 1986, 1987 ஆகிய மூன்று வருஷங்களிலும் இரண்டாவதாகவே வந்தார்.

கைக்கு எட்டாத கோப்பை

ஸ்டான்லி கோப்பையும் அப்படியே. 1985-லும் 1987-லும் பிலடெல்பியா கோஷ்டி இறுதிப் பந்தயங்கள் வரை போயிற்று. இரண்டு தடவையும் எட்மண்டன் ஆயிலர்ஸ் கோஷ்டியிடம் தோற்றது. 1987-ல் ஏழு பந்தயங்கள் நடந்து, ஏழாவதில்தான் தோல்வி.

எட்மண்டன் கோஷ்டியின் தலைவர் வெயின் கிரெட்ஸ்கி. இவர் சிறு பிராயத்தில் கார்டி ஹௌவைத் தெய்வமாகப் பாவித்தவர். சிறுவன் கிரெட்ஸ்கியின் கழுத்தில் கார்டி மட்டையை மாட்டி இழுப்பதுபோல் எடுத்த புகைப்படம் மிகவும் பிரசித்தி பெற்றது. 1979 ஜனவரியில் மாஸ்கோ டைனமோ கோஷ்டிக்கு எதிராகக் கிரெட்ஸ்கி, கார்டி, மார்க் மூவரும் ஒரே முன்வரிசையில் ஆடியதும் உண்டு. கார்டியின் மானசீகச் சிஷ்யர் கார்டியின் சொந்தப் பிள்ளைக்குக் கோப்பை கிட்டாமல் இரண்டு தடவை தடுத்துவிட்டார்! கார்டியின் 801 கோல் என்ற சாதனையை 1994-ல் கடந்தவரும் அந்தச் சிஷ்யரே. பிதிரார்ஜிதமாக வருவது ரத்தமும் எலும்பும். வித்தையின் வாரிசு எங்கேயோ பிறக்கிறது.

1992-ல், முப்பத்தேழாவது வயதில், மார்க் தம்முடைய பிறந்த ஊரான டெட்ராய்டுக்கு வந்து, தகப்பனாருடைய பழைய கோஷ்டியில் சேர்ந்தார். 1995-ல் அந்தக் கோஷ்டி இறுதிப் பந்தயங்களுக்குப் போய், நியூ ஜெர்ஸியிடம் நான்கிலும் தோற்றது. அத்துடன் மார்க் ஓய்வு பெற்றார். தேசிய லீகில் அவர் ஆடியவை 929 பந்தயங்கள். எடுத்தவை 742 புள்ளிகள். அதற்கு முன் புதிய லீகில் 504 புள்ளிகள். பிறகு அதே கோஷ்டிக்காக நல்ல ஆட்டக்காரர்களைக் கண்டுபிடிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். 1997, 1998, 2002, 2008 ஆகிய நான்கு வருஷங்களில் டெட்ராய்ட் கோப்பையை வென்றபோது, திரைமறைவில் உழைத்தவர்களில் அவரும் ஒருவர். மேடையில் பாடக் கிடைக்காத ராகத்தைப் பக்கத்தில் தம்பூரா மீட்டிக்கொண்டே கேட்டு ஆனந்திப்பதற்கும் ஒரு மனப்பக்குவம் வேண்டும்.

தகப்பனாரின் சட்டை

கார்டி அணிந்தது 9-ம் எண் சட்டை. அவர் ஓய்வு பெற்றதும், வேறு யாரும் அணியக் கூடாதென்று 1972-ல் டெட்ராய்ட் கோஷ்டி அந்த எண்ணை ஒதுக்கிவைத்துவிட்டது. மார்க் அதே கோஷ்டிக்கு வந்தபோது, அவரும் அதை அணியவில்லை. 4-ம் எண்ணை எடுத்துக்கொண்டார். பிலடெல்பியாவில் பத்து வருஷம் அவர் அணிந்தது 2-ம் எண். அதையும் 2012-ல் அந்தக் கோஷ்டி, அவருக்குக் கௌரவமாக ஒதுக்கிவைத்தது. ஆக, தகப்பனாருடைய எண் ஓர் ஊரில் மேலே தொங்குகிறது. பிள்ளையின் எண் இன்னோர் ஊரில் தொங்குகிறது.

ஆனால் தகப்பனாரின் மனத்தில் ஒரு குறை இருந்தது. தம் பிள்ளை ஒரே ஒரு தடவையாவது டெட்ராய்டின் 9-ம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டுமென்று அவர் ஆசைப்பட்டார்.

2011 நவம்பரில் டொராண்டோவில், ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் மார்க் ஹௌவைச் சேர்த்துக்கொண்டார்கள். அவருடைய பழைய துணைவர் பிராட் மெக்ரிம்மன் அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ருஷ்யாவில் யாரோஸ்லாவல் அருகே நடந்த விமான விபத்தில் மாண்டிருந்தார். தாயார் காலீன் 2009-லேயே காலமாகிவிட்டார். எண்பத்து மூன்று வயதான கார்டி சபையில் உட்கார்ந்திருந்தார். தம்முடைய பிரசங்கத்தின் முடிவில் மார்க், தகப்பனாருடைய அந்த ஆசையைக் குறிப்பிட்டார். அது அவருடைய சட்டை என்பதனால்தான் தாம் அணியவில்லை என்ற கருத்தைச் சொன்னார். பிறகு டெட்ராய்டின் சிவப்புச் சட்டையை எடுத்து, சபையோர் முன்னிலையில், 9-ம் எண் தெரியும்படி அணிந்துகொண்டார்.

ஆடிக்கொண்டிருந்த காலத்தில் அந்தச் சட்டையைப் போட்டிருந்தால், அது தகப்பனாரிடம் வாங்கிய இரவல். தம்முடைய சொந்த எண்ணுக்கு ஒரு மதிப்பைத் தேடிக்கொண்ட பிறகு போட்டதனால், அது தகப்பனாருக்குச் செய்த நமஸ்காரம். இந்த வித்தியாசம் புரிவதற்கு அவருக்கு நாற்பது வருஷ உழைப்புத் தேவையாயிற்று. கார்டி 2016 ஜூன் 10-ந் தேதி, தமது 88-வது வயதில் காலமானார். பிள்ளையை அந்தச் சட்டையில் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஆகையால் நேயர்கள் இனி யாருடைய பிள்ளையைப் பார்த்தாவது, "புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?" என்று கேட்க வாயெடுத்தால், சற்றே பொறுத்துக் கேட்கும்படி வேண்டுகிறேன். குட்டிக்குத் தன்னுடைய காட்டைத் தானே தேடிக்கொள்ளச் சிறிது அவகாசம் கொடுக்க வேண்டாமா?